வாசகர் கேள்வி: வாட்ச் ரிப்பேர் செய்தவருக்கு என்ன எழுதுவது?

போன இதழில் பாளையங்கோட்டை வாசகர் ஒருவரின் கேள்விக்கு இடமில்லாமல் இரண்டே வரியில் பதில் சொன்னேன். "பிரான்சில் லூயி மார்ட்டின் என்று ஒரு கடிகாரக்காரர் இருந்தார், அவரைப் பற்றி அடுத்த முறை பேசலாம்" என்று முடித்துவிட்டேன். அதற்கே இத்தனை கடிதங்கள். அதனால் இந்த முறை சினிமா, அரசியல், கிரிக்கெட் எதுவும் கிடையாது, கோபித்துக்கொள்ள வேண்டாம். பழைய கேள்வியையே முதலில் மறுபடி போட்டுவிடுகிறேன்.

கேள்வி (வாசகர், பாளையங்கோட்டை): அப்பா நாற்பது வருஷம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வீடு, கடை, கோயில், இந்த மூன்றைத் தவிர வேறு இடம் தெரியாது. முதலாம் ஆண்டு நினைவுக்குச் சின்னதாக ஒரு மலர் போடலாம் என்று தம்பி சொல்கிறான். உட்கார்ந்து எழுதினால் "அன்பான கணவர், பாசமுள்ள தந்தை, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார்" என்று ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. சாதனை என்று எதுவும் இல்லாத மனிதரைப் பற்றி என்ன சார் எழுதுவது?

பதில்: முதலில் "அன்பான", "பாசமுள்ள" இரண்டையும் அடித்துவிடுங்கள். நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாவற்றிலும் அந்த இரண்டும் இருக்கின்றன. போட்டோவை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். உங்கள் அப்பாவுக்கு மட்டும் பொருந்துகிறது எதுவோ அது வேண்டும்.

லூயி மார்ட்டினுக்கும் சாதனை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. 1823 ஆகஸ்ட் 22-இல் போர்தோ நகரில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. மகன் துப்பாக்கி பக்கம் போகாமல் ரென், ஸ்ட்ராஸ்பூர், பாரிஸ் என்று ஊர் ஊராகப் போய்க் கடிகார வேலை கற்றுக்கொண்டார். நடுவில் துறவியாகிவிடலாம் என்று ஆல்ப்ஸ் மலைமேல் இருக்கிற புனித பெர்னார்டு மடத்துக் கதவைத் தட்டினார். "லத்தீன் தெரியுமா?" என்றார்கள். தெரியாது. ஊருக்குத் திரும்பி, காசு கொடுத்து நூறு வகுப்புக்கு மேல் லத்தீன் படித்துப் பார்த்தார், உடம்பு கெட்டதுதான் மிச்சம். லத்தீனை விட்டுவிட்டு லென்ஸை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டார். 1850-இல் நார்மண்டியின் அலான்சோன் என்ற சின்ன ஊரில் கடை போட்டார். கடிகாரம் விற்பது, பழுது பார்ப்பது, பிறகு கொஞ்சம் நகை. கல்யாணம், பிள்ளைகள், கோயில், தூண்டில். அவ்வளவுதான் வாழ்க்கை.

அப்புறம் எப்படி நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து நான் அவரைப் பற்றி உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்? வீட்டுப் பெண்கள் எழுதிவைத்ததால்தான். மனைவி செலி எழுதிய கடிதங்களில் இருநூறுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. கடைசி மகள் தெரேசா (பின்னாளில் கத்தோலிக்கப் புனிதை ஆனவள்; நம் ஊரில் குழந்தை தெரேசம்மாள், சிறுமலர், உங்கள் ஊர்ப்பக்கம் சிறுமலர் என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடமாவது இல்லாத ஊர் எது?) மடத்துக்குள் உட்கார்ந்து தன் கதையை எழுதும்போது பக்கத்துக்குப் பக்கம் அப்பாவைக் கொண்டுவந்தாள். அவர்கள் யாரும் "பாசமுள்ள தந்தை" என்று எழுதி நிறுத்தவில்லை. பிடித்த மீனை எந்த மடத்துக் கன்னியருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார், ரயில் நிலையத்தில் என்ன செய்தார் என்று எழுதினார்கள். ரயில் நிலையத்தில் என்ன நடந்ததென்றால், காக்காய் வலிப்புக்காரர் ஒருவர் ஊருக்குப் போக டிக்கெட்டுக்குக் காசில்லாமல் நிற்கிறார். லூயி தன் தொப்பியைக் கழற்றி, முதல் காசைத் தானே போட்டு, அங்கே நின்ற பயணிகளிடம் நீட்டிக்கொண்டு போகிறார். கடை வைத்திருக்கிற, ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த மனிதர், பிளாட்பாரத்தில் தொப்பி நீட்டுகிறார். இந்த ஒரு காட்சி போதும் எனக்கு.

கோயிலுக்குப் போவார் என்று எழுதினீர்களே, அதையும் தெரேசா எப்படி எழுதுகிறாள் பாருங்கள். அவிலாவின் புனித தெரேசாவைப் பற்றிப் பிரசங்கம் நடக்கிறது. அப்பா குனிந்து காதில் சொல்கிறார்: "என் குட்டி ராணி, நன்றாகக் கேள், உன் பெயர்ப் புனிதையைப் பற்றிப் பேசுகிறார்." அவள் கேட்கத்தான் செய்தாள், ஆனால் பிரசங்கியைவிட அப்பாவின் முகத்தைத்தான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தாளாம். கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, அதை அடக்கப் பார்த்து முடியாமல் அவர் உட்கார்ந்திருக்கிறார். ஆக, உங்கள் அப்பா பூசைக்குப் போனார் என்பது செய்தி. எந்த பெஞ்சில் உட்கார்ந்தார், எந்தப் பாட்டுக்குச் சுருதி பிசகிப் பாடினார், காணிக்கைக்கு உங்கள் கையில் எவ்வளவு கொடுத்து அனுப்பினார், இதெல்லாம்தான் அப்பா. தம்பியையும் அம்மாவையும் உட்காரவைத்து ஒரு சாயங்காலம் பேசவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதினாறு பக்கம் போதாமல் போகும்.

கேள்வி (வாசகர், சிவகாசி): உங்கள் லூயி ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிடுவாராமே? நானும் வியாபாரிதான், வாரத்தில் பாதி வருமானம் எனக்கு ஞாயிறுதான். பிழைக்கத் தெரியாதவர் என்று சொல்லலாமா?

பதில்: அவர் ஊரிலேயே அப்படித்தான் நினைத்தார்கள். சுற்றுப்பட்டு கிராமத்து ஜனங்கள் பட்டணத்துக்கு வருவதே ஞாயிற்றுக்கிழமைதான்; கல்யாண மோதிரம், சங்கிலி எல்லாம் அன்றைக்குத்தான் வாங்குவார்கள். மற்ற நகைக்கடைகள் திறந்திருக்கும், இவர் கடை மட்டும் பூட்டு. நண்பர்கள் சொல்லிப் பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாரே "முன்கதவை மூடிவிட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்துக்கொள்ளேன்" என்று வழி சொன்னார். நம் ஆட்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து உள்ளே வியாபாரம் பண்ணுவார்களே, அதேதான். லூயி அதற்கும் ஒப்பவில்லை. பிரான்சில் வாரம் ஒரு நாள் ஓய்வு என்று சட்டம் கறாராக வந்தது 1906-இல். இவர் கடையைக் கைமாற்றி முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து. ஆக, இது சட்டத்துக்குப் பயந்து மூடியது இல்லை.

நஷ்டமா என்றால், இல்லை. மனைவி ஒரு கடிதத்தில், நாங்கள் ஓரளவு வசதியாக இருப்பதற்கு இவர் ஞாயிறைக் கடைப்பிடித்ததால் வந்த ஆசீர்வாதத்தைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை என்ற பொருளில் எழுதுகிறாள். அது அவள் நம்பிக்கை. கடையை மூடினால் காசு கொட்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். மூடி நொடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நாளை அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். காலையில் பூசை, அப்புறம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வயல்வெளியில் நடை. கடை போட்ட பிறகு ஊரின் ஒதுக்குப்புறத்தில் கோபுரம் மாதிரி சின்னக் கட்டடமும் தோட்டமும் வாங்கிப்போட்டிருந்தார். படிக்க, ஜெபிக்க, தூண்டில் சாமான் வைக்க. இன்னொரு காட்சி: ஞாயிறு இரவு உறவினர் வீட்டிலிருந்து திரும்பும்போது தெரேசா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடியே நடப்பாள். நட்சத்திரக் கூட்டத்தில் தன் பெயரின் முதல் எழுத்து தெரிகிறதென்று அவளுக்குச் சந்தோஷம். கீழே பார்க்கமாட்டாள், கல்லில் இடறாமல் அப்பா பார்த்துக்கொள்வார். நீங்கள் ஞாயிறு கடை திறங்கள், தப்பே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமையாவது அந்தக் கை காலியாக இருக்கட்டும்.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): மனைவி அவரைவிட அதிகம் சம்பாதித்தார் என்று எங்கோ படித்தேன். நான் தையல் யூனிட் நடத்துகிறேன், வீட்டுக்காரருக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது. லூயி எப்படிச் சமாளித்தார்?

பதில்: சமாளிக்கவில்லையம்மா, போய் வேலைக்குச் சேர்ந்துகொண்டார்! செலி 1853-இல் கல்யாணத்துக்கு முன்பே சொந்தமாக லேஸ் தொழில் ஆரம்பித்தவர். அலான்சோன் லேஸ் என்றால் சாதாரணம் இல்லை. ஊசியால் மட்டும் செய்வது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் பிடிக்கும், யுனெஸ்கோ 2010-இல் அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு லேஸைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல பெண்கள் அவரவர் வீட்டில் செய்து கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தத் துண்டுகளை ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பதுதான் கஷ்டமான வேலை, அதைச் செலியே ஜன்னலோரம் உட்கார்ந்து செய்வார். கண் வலி, முதுகு வலி, பாரிஸ்காரர்கள் கேட்ட தேதிக்குள் முடிக்க வேண்டிய நெருக்கடி. "இந்தப் பாழாய்ப்போன லேஸ்" என்கிற புலம்பல் கடிதங்களில் அடிக்கடி வரும். தையல் யூனிட் நடத்துகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லூயி முதலில் தன் கடைக்கு நடுவே பாரிஸ் போய் ஆர்டர் பிடித்து வந்தார். அப்படிப் போன இடத்திலிருந்து 1863 அக்டோபரில் எழுதிய கடிதத்தை "உன் கணவனும் உண்மையான நண்பனும், வாழ்நாள் முழுக்க உன்னை நேசிப்பவன்" என்று முடித்திருக்கிறார். கணவன் என்று மட்டும் போட்டிருக்கலாம். நண்பன் என்று ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டிருக்கிறார், கவனித்தீர்களா? பிறகு 1870-71 வாக்கில், இருபது வருஷம் நடத்திய கடிகாரக் கடையைச் சகோதரி மகனுக்குக் கொடுத்துவிட்டு முழு நேரமும் லேஸ் கணக்கு, கொள்முதல், விற்பனை என்று உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஐம்பதை நெருங்குகிற ஒரு மனிதர், மனைவியின் தொழில் வளர்கிறது, என்னுடையது போதும் என்று முடிவெடுக்கிறார். அதைப் பெரிய தியாகம் என்று யாரும் அங்கே பேசியதாகவும் தெரியவில்லை. இந்தப் பதிலைக் கிழித்து வீட்டுக்காரர் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இதற்கெல்லாம் நடுவில் அந்த வீட்டில் ஒன்பது பிரசவம், நாலு பிள்ளைச் சாவு. கைக்குழந்தைகள் மூன்று, ஐந்து வயது மகள் ஒன்று. மிஞ்சியது ஐந்து பெண்கள். 1877 ஆகஸ்ட் 28-இல் செலியும் மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார், வயது 45. ஐந்து பெண்களையும் மனைவியின் அண்ணன் தம்பி உறவுக்குப் பக்கத்தில் வளர்க்க வேண்டும் என்று, அலான்சோனில் தனக்கிருந்த நண்பர்கள், தூண்டில், தோட்டம் எல்லாவற்றையும் விட்டு, மைத்துனர் மருந்துக்கடை வைத்திருந்த லிசியு நகருக்கு அந்த நவம்பரிலேயே குடிபோனார். ஆண்பிள்ளை ஒருவன் தன் ஊரை விட்டு மனைவியின் வீட்டார் இருக்கிற ஊருக்குப் போவது நம்மிடம் இன்றைக்கும் எத்தனை பேச்சுக்கு ஆளாகும் என்று உங்களுக்குத் தெரியும்.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): இந்த ஆள் ஒரு தடவைகூடக் கோபப்பட்டதே இல்லையா? நம்பும்படி இல்லையே!

பதில்: பட்டார். 1886 கிறிஸ்துமஸ். நள்ளிரவுப் பூசை முடிந்து களைத்து வீட்டுக்கு வருகிறார்கள். அடுப்பங்கரையில் தெரேசாவின் செருப்பு வைத்திருக்கிறது, பரிசு போடுவதற்கு. அவளுக்கு வயது பதினாலு ஆகப்போகிறது, இன்னும் சின்னக் குழந்தை விளையாட்டு. "நல்லவேளை, இதுதான் கடைசி வருஷம்!" என்று லூயி சலித்துக்கொண்டார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மகள் காதில் விழுந்துவிட்டது. எப்போதும் பொசுக்கென்று அழுகிற பெண் அன்றைக்குக் கண்ணீரை விழுங்கிக்கொண்டு கீழே வந்து சிரித்துக்கொண்டே பரிசுகளைப் பிரித்தாள். அன்றைக்குத்தான் நான் வளர்ந்தேன் என்று பின்னால் எழுதினாள். அறுபத்து மூன்று வயசுக்காரர் நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் சொன்ன ஒரு சலிப்பு வார்த்தை. பாளையங்கோட்டைக்காரர் இதையும் குறித்துக்கொள்ளட்டும்: மலரில் அப்பா ஒரு தடவையாவது எரிந்து விழ வேண்டும், இல்லாவிட்டால் படிக்கிறவன் நம்பமாட்டான்.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): ஐந்து பெண்களையும் மடத்துக்கு அனுப்பிவிட்டாரே. ஒரு பேரப்பிள்ளைகூட இல்லை. அவர் திணித்தாரா?

பதில்: ஐந்து பேரும் கன்னியரானது உண்மை, நாலு பேர் லிசியு கார்மெல் மடத்தில், லெயோனி மட்டும் கான் நகரத்தில் வேறொரு மடத்தில், அதுவும் பல தடவை போய்த் திரும்பி வந்த பிறகு. திணிக்கவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியாகக் கேட்கும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஒரு சின்ன சாட்சி இருக்கிறது. 1887 மே மாதம் அவருக்கு முதல் பக்கவாதம் வந்து கொஞ்சம் தேறியிருக்கிறார். அந்த மாதக் கடைசியில் பெந்தெகோஸ்தே ஞாயிறன்று சாயங்காலம் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார், தெரேசா பக்கத்தில் வந்து விஷயத்தைச் சொல்கிறாள், பதினாலே வயது. இரண்டு பேரும் அழுகிறார்கள். "நீ ரொம்பச் சின்னவளாயிற்றே" என்று ஒரு வார்த்தை சொன்னார், அதற்குமேல் தடுக்கவில்லை. எழுந்து நடந்து, குட்டைச் சுவர் இடுக்கில் முளைத்திருந்த ஒரு வெள்ளைப் பூச்செடியைப் பறித்து அவள் கையில் கொடுத்தார். பறித்தபோது வேர் அறாமல் முழுதாக வந்துவிட்டதாம். அவள் அந்தப் பூவைத் தன் பக்திப் புத்தகத்துக்குள் வைத்துக் கடைசிவரை பத்திரப்படுத்தினாள். அந்த ஆண்டு நவம்பரில் அவளை ரோமாபுரிவரை கூட்டிப்போனதும் அவர்தான். பதினைந்து வயதில் மடத்தில் சேர அனுமதி வேண்டும் என்று அவள் போப் பதின்மூன்றாம் லியோவின் காலடியில் மண்டியிட்டது அந்தப் பயணத்தில்தான். மறு ஏப்ரலில் மடத்துக் கதவு அவளுக்குத் திறந்தது.

பேரப்பிள்ளை இல்லாதது குறைதான். எனக்கும் அந்த இடம் கொஞ்சம் நெருடும், மறைக்கவில்லை. ஊர் இதைச் சும்மா விடவுமில்லை. அடுத்த கேள்விக்கு வந்தால் தெரியும்.

கேள்வி (வாசகர், புதுச்சேரி): என் அப்பா தச்சு வேலை செய்தவர். கடைசி நாலு வருஷம் நினைவு தவறி, எங்களையே யாரென்று கேட்டார். இரண்டு தடவை வீட்டைவிட்டுப் போய்விட்டார். நினைவுக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசவே கூடாது, அவருக்கு அவமானம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்த இதழில் லூயியை இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன்.

1888 ஜூன் 23. லூயி வீட்டிலிருந்து காணாமல் போகிறார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாலு நாள் கழித்து லெ ஆவ்ர் துறைமுகத்துத் தபால் நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய்கள் கெட்டுப்போனதுதான் காரணம் என்று பின்னாளில் படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அதற்கு ஒரே பெயர், பைத்தியம். 1889 ஜனவரி 10-இல் தெரேசா மடத்து உடை வாங்கிய நாளன்று நன்றாக இருந்தார், மகளைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டி வந்தார். ஒரு மாதம்தான். இல்லாத எதிரிகளெல்லாம் கண்ணுக்குத் தெரிய, பெண்களைக் காப்பாற்ற என்று கையில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். பிப்ரவரி 12-இல் கான் நகர மனநல விடுதிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று வருஷம் அங்கே.

ஊர் என்ன சொல்லும்? "பெண்கள் ஒவ்வொருத்தியாக மடத்துக்கு ஓடினார்கள், கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அதிலும் கடைக்குட்டி போனதுதான் காரணம்." இந்தப் பேச்சு மடத்துச் சுவரைத் தாண்டி தெரேசா காதுக்கே போனது. அப்போது மடத்துக்கு வெளியே இருந்த மகள்கள் செலினும் லெயோனியும் கான் நகரத்தில் மூன்று மாதம்போல அறை எடுத்துத் தங்கினார்கள். வாரம் ஒரு முறைதான் பார்க்க விடுவார்கள். தெளிந்திருந்த ஒரு நேரத்தில் லூயி அங்கிருந்த மருத்துவரிடம் சொன்னது பதிவாகியிருக்கிறது: இத்தனை நாள் நான் கட்டளையிட்டே பழகினவன், இப்போது கீழ்ப்படிய வேண்டியிருக்கிறது, வாழ்க்கையில் எனக்கு அவமானம் என்று ஒன்று வந்ததே இல்லை, ஒன்று தேவைப்பட்டது போலிருக்கிறது. அவமானம் என்ற வார்த்தையை அவரே எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டார். உங்கள் சொந்தக்காரர்கள் அவருக்காகப் பயப்படுகிற வார்த்தை அது.

பெண்கள் இதை மறைத்திருக்கலாம். புகழ்பெற்ற புனிதையின் அப்பா, மரியாதைக்குரிய வியாபாரி, "சில காலம் நோயுற்றிருந்து இறைவனடி சேர்ந்தார்" என்று ஒரு வரியில் கடந்திருக்கலாம். தெரேசா நேர்மாறாகச் செய்தாள். அப்பா வதைபட்ட அந்த மூன்று வருஷம்தான் எங்கள் வாழ்க்கையிலேயே அதிகம் விளைந்த காலம், அதை எதற்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று எழுதினாள். அதோடு ஒரு பழைய நினைவையும் சொன்னாள். அவளுக்கு ஆறேழு வயதிருக்கும்போது, அப்பா வெளியூர் போயிருந்த ஒரு மத்தியானம், மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தோட்டத்தில் அப்பா மாதிரியே உடை, அதே உயரம், ஆனால் முதுகு கூனி, தலையில் ஏதோ துணியைப் போட்டு மூடிக்கொண்டு ஒருவர் போகிறார். "அப்பா! அப்பா!" என்று கத்தினாள். அக்காமார் ஓடிவந்து தேடினார்கள், யாரும் இல்லை. பல வருஷம் கழித்து, நோயில் இருந்த லூயி தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொள்ள ஆரம்பித்தபோது, அன்றைக்குப் பார்த்தது எது என்று பெண்களுக்குப் புரிந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதில்லை. மூடிய முகத்தை எழுதினாள் பாருங்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

1892 மே மாதம் கால்கள் முடங்கி, இனி ஓடிப்போகமாட்டார் என்ற நிலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து மடத்துப் பெண்களைப் பார்க்கச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். கம்பிக்கு அந்தப்பக்கம் மூன்று மகள்கள். கிளம்பும்போது ஒரு விரலை மேலே காட்டி "பரலோகத்தில்" என்று மட்டும் சொன்னார். 1894 ஜூலை 29-இல் இறந்தார். அதுவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டது செலின். அப்பாவை அடக்கம் செய்த பிறகுதான், செப்டம்பரில், அவள் மடத்துக்குப் போனாள்.

ஆகவே பேசுங்கள். எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். படுக்கையிலும் குளியலறையிலும் நடந்தவை வீட்டோடு இருக்கட்டும், தெரேசாவும் அதையெல்லாம் எழுதவில்லை. ஆனால் இரண்டு தடவை வீட்டைவிட்டுப் போனார் என்றீர்களே, எங்கே போய் நின்றார்? தச்சர் என்கிறீர்கள், பழைய பட்டறைக்கா? யாரோ ஒருவர் வீட்டுக்கு, முன்பு தான் மாட்டிய கதவைப் பார்க்கவா? கண்டுபிடித்துக் கூட்டிவந்தவர் யார், அவருக்குக் கூட்டத்தில் ஒரு நன்றி சொன்னீர்களா? அதைச் சொல்லுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இன்னும் ரெண்டு வீட்டாருக்கு அன்றைக்குத் தைரியம் வரும்.

கேள்வி (வாசகர், மதுரை): மகள் புனிதை ஆனதால்தானே அப்பாவுக்கும் பட்டம்? சிபாரிசு என்று சொல்லலாமா?

பதில்: மகள் இல்லாவிட்டால் அவர் பெயர் நம் காதுக்கு வந்திருக்காது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சிபாரிசு வேலை செய்திருந்தால் இவ்வளவு நாள் இழுத்திருக்குமா? தெரேசாவுக்கு 1925-இல் புனிதர் பட்டம். அப்பா அம்மாவுக்கு 2008-இல் முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி), 2015 அக்டோபர் 18-இல் போப் பிரான்சிஸ் கையால் புனிதர் பட்டம். தொண்ணூறு வருஷம்! கணவன் மனைவி ஜோடியாகப் பட்டம் பெற்றது அதுதான் முதல் தடவை. துறவிகளும் ஆயர்களும் நிறைந்த அந்தப் பட்டியலில் ஒரு வாட்ச் கடைக்காரரும் ஒரு லேஸ்காரம்மாவும் கைகோர்த்து உள்ளே போனது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி (மறுபடியும் அதே பாளையங்கோட்டை வாசகர்): எழுத ஆரம்பித்துவிட்டேன் சார், இருபத்தி இரண்டு பக்கம் ஆகிவிட்டது. ஒரு சின்ன சந்தேகம். அப்பா கட்டியிருந்த பழைய எச்.எம்.டி. நின்றுபோய்விட்டது, சாவி கொடுத்தாலும் ஓடவில்லை. ரிப்பேர் செய்யலாமா, நின்ற நேரத்தோடு அப்படியே வைக்கலாமா?

பதில்: நின்ற நேரம் அப்பா இறந்த நேரமா என்ன? இல்லையே. ஓடவிடுங்கள். பெரும்பாலும் உள்ளே எண்ணெய் காய்ந்து பிசுக்குப் பிடித்திருக்கும், பிரித்துக் கழுவி எண்ணெய் விட்டால் போதும். பேட்டரி மட்டும் மாற்றுகிற கடைக்குப் போகாதீர்கள், சாவி வாட்ச் பார்க்கிற வயசான மெக்கானிக் யாராவது இருப்பார், உங்கள் அப்பாவையும் தெரிந்திருக்கும். அவர் பின்மூடியைக் கழற்றும்போது ஒரு நிமிஷம் வாங்கி, லென்ஸை வைத்து மூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். பழைய மெக்கானிக்குகளில் பலருக்கு, ஒரு வாட்சைத் திறந்து வேலை பார்த்தால் மூடிக்கு உள்ளே ஊசிமுனையால் தேதியோ, தன் குறியோ, ஒரு எண்ணோ கீறிவைக்கிற பழக்கம் உண்டு. அந்த வாட்ச் மறுபடி வந்தால் தன் கை பட்டதுதானா என்று தெரிந்துகொள்ள. கடைக்காரருக்கு மட்டும் தெரிகிற கையெழுத்து அது, வாட்ச்காரருக்கே தெரியாது.

அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருந்திருந்தால், நாற்பது வருஷத்தில் உங்கள் ஊரில் எத்தனை மூடிக்குள் அது இருக்கும் என்று கணக்குப் போடுங்கள். பங்குச் சாமியாரிடம் சொல்லி, ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு அறிவிப்பு கொடுக்கச் சொல்லுங்கள்: இன்னாரிடம் வாட்ச் ரிப்பேர் செய்தவர்கள், அலமாரியில் பழசு கிடந்தால் எடுத்து வாருங்கள், மூடியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று. மலருக்கு அட்டைப்படம் கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.